குடிக்காதவனின் தள்ளாட்டம்

என் அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். சாராயக் கடை இருக்கிற தெரு வழியாகப் போக நேர்ந்தால் சுற்றுவழியில் போகிற ஆள் அவன். அதற்குக் காரணம் எங்கள் அப்பா. அப்பாவைக் குடிகாரர் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

அப்பா தபால்காரர். நாற்பது வயதைத் தொட்ட பிறகு அவருக்குக் கால் நேராக ஊன்றவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்தார். நாக்கு குழறியது. கடிதங்களை வீடு மாற்றிப் போடுகிறார் என்று புகார் வந்து வேலையும் போனது. அம்மா தினமும் அவர் உள்ளே நுழையும்போது வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பாள். வாசனை வராது. வராததுதான் அவளுக்குப் பெரிய சந்தேகம். வாசனையில்லாத எதையோ குடிக்கிறார் என்று முடிவு கட்டி அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கூரை இடுக்கு என்று ஓரிடம் விடாமல் துழாவுவாள். ஒரு பாட்டில்கூட அகப்பட்டதில்லை. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று அதையும் அப்பாவின் சாமர்த்தியத்தில் சேர்த்துவிட்டாள். நாற்பத்தேழாவது வயதில், ஒரு மழைநாள் காலையில், அப்பா கால்வாய்க்குள் விழுந்து இறந்தார். அம்மா அழவில்லை. தண்ணியிலேயே கிடந்த மனுஷன் தண்ணியிலேயே போய்ட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். பத்து வருடம் கழித்து அவளும் அதே நம்பிக்கையோடு போய்ச் சேர்ந்தாள்.

குடிகாரன் மகள் என்பதால் எனக்கு வந்த வரன்கள் வந்த வழியே திரும்பின. நான் மருத்துவமனையின் துணிக்கிடங்கில் தையல் வேலைக்குச் சேர்ந்தேன். கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது, அறுவை அறைக்கான பச்சை அங்கிகளுக்கு நாடா வைப்பது, தலையணை உறைகளை எண்ணிக் கட்டுவது, இதுதான் வேலை. அண்ணன் என்னை ஊசி என்று கூப்பிடுவான். கையில் இருப்பதும் அதுதான், வாயில் இருப்பதும் அதுதான் என்பான்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. காலையில் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி உட்கார்ந்தால், காலுக்கடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே கப்பல். பேருந்து அளவு பெட்டியைத் தூக்கி, நாலு மூலையும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிற மாதிரி இறக்குவான். சத்தமே வராது. அதனால் அவனுக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

முப்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் அவன் இறக்கிய பெட்டி ஒரு மூலையில் இடித்தது. அடுத்த மாதம் இன்னொன்று. கீழே நின்று சைகை காட்டுகிறவன், தராசுக்கு இப்போது இரண்டு இரண்டாகத் தெரிகிறதா என்று வாக்கிடாக்கியில் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். உண்மையிலேயே அவனுக்கு இரண்டு இரண்டாகத்தான் தெரிந்தது. ஏணியில் இறங்கும்போது கால் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் ஊதிப் பார்க்கிற கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணன் ஊதினான். பூஜ்யம் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று வேறொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் பூஜ்யம். அப்படியானால் மாத்திரை ஏதோ போடுகிறான் என்றார்கள். முதலில் கிரேனிலிருந்து இறக்கி வாயில் காவலுக்குப் போட்டார்கள். அங்கேயும் அவன் நடக்கிற நடையைப் பார்த்து லாரிக்காரர்கள் கேலி செய்யவும், இரண்டு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் தராசு என்ற பெயர் போய் ஆட்டம் என்று ஆகியிருந்தது.

அம்மா செய்ததையே அண்ணியும் செய்தாள். அம்மாவோடு ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். அப்பாவின் கதை அவளுக்கு மனப்பாடம். வாயை முகர்ந்தாள், தலையணை உறையை முகர்ந்தாள். பிறகு மகளை விட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினாலு வயது. அப்பா முகத்தருகே வந்து மூச்சை இழுத்துவிட்டு, ஒண்ணும் தெரியலம்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அடுத்த வருடம் அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அண்ணன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அவன் நோயைக் கண்டுபிடித்தது மருத்துவமனையின் நீளமான நடைவழியில். நான் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைக் கொடுக்க அண்ணன் வந்தான். சுவரில் ஒரு கையை வைத்து, காலை அகட்டி அகட்டி வைத்து வந்தவனைக் காவல்காரன் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தான். அந்த நேரம் நரம்பு மருத்துவர் அம்மா அந்த வழியாக வந்தார். காவல்காரனை விடச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி, உங்கள் மூக்கைத் தொட்டுவிட்டு என் விரலைத் தொடுங்கள் என்றார். அண்ணனின் விரல் அவர் விரலைத் தாண்டிக் காதுப் பக்கம் போனது. ஒரு நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். கண்ணை அசைக்கச் சொன்னார். பிறகு வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அண்ணன் தலை குனிந்து, அப்பாவுக்கு உண்டு, அவர் குடிப்பார் என்றான்.

அண்ணனின் இரத்தத்தை எடுத்து அனுப்பி ஆறு வாரம் கழித்து எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். வம்சத்தில் வருகிற நோய். மூளைக்குள் உடம்பின் நிலையைப் பார்த்துக்கொள்கிற பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். மருந்து கிடையாது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு, வராமலிருக்கப் பாதி. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில் அண்ணனைப் பார்த்து, "உங்க அப்பா குடிகாரர் இல்ல. நீங்களும் இல்ல" என்றார்.

அண்ணனுக்கு அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்தது. "இதை எழுதிக் குடுப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டான்.

அவர் எழுதிக் கொடுத்தார். முத்திரை போட்டுக் கொடுத்தார். அண்ணன் அதற்கு லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பேருந்து நடத்துநருக்குக் காட்டினான். டீக்கடையில் காட்டினான். துறைமுக வாசலில் போய் நின்று, பழைய மேற்பார்வையாளர் வெளியே வரும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்து காட்டினான். அவர் படித்துவிட்டு, எல்லாம் சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. மகளுக்கு மட்டும் காட்டவில்லை. நல்ல நாள் பார்த்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து மருத்துவர் அம்மா இன்னொரு சேதி சொன்னார். உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு சிறிய தீவு. அங்கே வீட்டுக்கு வீடு இந்த நோய் உண்டு. எங்கள் மருத்துவமனையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய செவிலி ஒருத்தி அந்தத் தீவுக்காரி. இப்போது அந்தக் குடும்பங்களின் வம்சாவளியை எழுதி வைக்கிற குழுவில் இருக்கிறாள். அண்ணன் இரத்தத்தையும் அவர்கள் இரத்தத்தையும் வைத்துப் பார்த்ததில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிகிறதாம். எங்கள் குடும்பக் கதையை நேரில் கேட்க விரும்புகிறார்கள். பயண ஏற்பாடு அவர்களுடையது, வர முடியுமா?

எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஓடுகிற பேருந்தைத் தவிர நான் எதிலும் தூரம் போனவளில்லை. அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். ஒற்றைக்காலில் நிற்க முடியாதவன் ஒற்றைக்காலில் நிற்கிறான் பார் என்று அவனே சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "என்னை மாதிரி நடக்கிற ஒருத்தனைக் கண்ணால பாக்கணும் ஊசி" என்றான்.

விமான நிலையத்தில் எதிர்பார்த்தது நடந்தது. குடித்தவரை ஏற்ற மாட்டோம் என்றார்கள். அண்ணன் பெருமையோடு சட்டைப் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தான். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, இருந்தாலும் ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினான். பூஜ்யம். இரண்டு விமானம் மாறி, கடைசியில் ஒரு படகில் ஏறினோம். கடல் குதித்தது. தளத்தில் இருந்த அத்தனை பேரும் கம்பியைப் பிடித்து, காலை அகட்டி, விழுந்து எழுந்து நடந்தார்கள். இப்போதுதான் எல்லாரும் நம் வீட்டு ஆள் மாதிரி நடக்கிறார்கள் என்று அண்ணன் என் காதில் சொன்னான்.

படகுத்துறையில் அந்தச் செவிலி நின்றாள். எங்கள் மொழியை அழகாகத் திக்கித் திக்கிப் பேசினாள். துறையிலிருந்து அவள் வீடு ஒரே தெரு. மேடும் பள்ளமுமாக ஏறுகிற கல் பாவிய தெரு. இரண்டு பக்கச் சுவர்களிலும் இடுப்பு உயரத்தில் இரும்புக் குழாய் பதித்திருந்தார்கள். கை பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருந்தது. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எதிரே மீன் கூடையோடு ஒருத்தி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஒரு கூட்டம் பிள்ளைகள் ஓடிவந்தன. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் குழாய்ப் பக்கத்தை விட்டுத் தெருவின் நடுவுக்கு ஒதுங்கி ஓடின, அவ்வளவுதான். அண்ணன் தெருக்கோடிவரை போய், நின்று, திரும்பித் துறைவரை இறங்கி மறுபடி ஏறிவந்தான். எதற்கு என்று கேட்டேன். சோதித்துப் பார்க்கிறேன் என்றான். மூச்சு வாங்கியது. முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

அந்தக் குழாயைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் கயிறு நினைவுக்கு வந்தது. கடைசி வருடத்தில் அவர் கட்டிலிலிருந்து குளியலறைவரை இடுப்பு உயரத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டிக்கொண்டார். குடித்துவிட்டு ஆடுகிறவனுக்குக் கைப்பிடி வேறா என்று அம்மா அதைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டாள். வெட்டிய துண்டை மடித்து வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நானும் மடித்து வைத்தேன்.

மூன்று நாட்கள் அங்கே இருந்தோம். நான் முகங்களை உற்று உற்றுப் பார்த்தேன். ஒரே வேர் என்றால் ஒரு மூக்காவது, ஒரு காதாவது அப்பாவை மாதிரி இருக்காதா? ஒன்றும் இல்லை. அவர்கள் நிறம் வேறு, முடி வேறு. பேச்சில் ஒரு சொல்லாவது நம்முடைய சொல் மாதிரி கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவும் இல்லை. அண்ணன் கேலி செய்தான்; கடையில் துணி பார்க்கிற மாதிரி மனிதர்களைப் பார்க்கிறாயே என்றான். ஆனால் டீயை அரைக் கோப்பைதான் ஊற்றினார்கள், இரண்டு தடவையாக. நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். சட்டைகளுக்குப் பொத்தானுக்குப் பதில் அகலமான ஒட்டுப்பட்டை. படிகளின் விளிம்பில் வெள்ளைச் சாயம். அண்ணன் என் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக நான் செய்துகொண்ட அதே ஏற்பாடுகள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இரண்டாம் நாள் மதியம் செவிலி எங்களை ஒரு படகுத் தச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஐம்பது வயதிருக்கும். நோய் வந்து பத்து வருடமாகிவிட்டது. பட்டறையில் ஒரு தூணோடு தன் இடுப்பைத் தோல் வாரால் கட்டிக்கொண்டு இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாரை அவிழ்த்துவிட்டு எழுந்து வந்தார். அகட்டி வைத்த கால், முன்னால் வந்து பின்னால் போகிற தோள், தலையில் அந்தச் சின்ன ஆட்டம். அப்பா வந்தார். எனக்கு அப்படித்தான் இருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்திருந்தான். விரல் வலித்தது.

இரண்டு ஆண்களும் சுவரோரம் உட்கார்ந்து குழறிக் குழறிப் பேசிக்கொண்டார்கள். நடுவில் செவிலி. தூக்கம் வருகிறதா, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, எந்தக் கால் முதலில் போனது என்றெல்லாம் பேச்சு. தச்சர் ஏதோ நகைச்சுவை சொல்ல, செவிலி மொழிபெயர்ப்பதற்குள்ளேயே அண்ணன் சிரித்துவிட்டான். தச்சரின் மனைவி சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு நோய் இல்லை. வெளித்தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சுவரில் இரண்டு இளைஞர்களின் படம் இருந்தது. அவர்களுடைய மகன்கள். மூத்தவனுக்கு இருபத்திநாலு வயதிலேயே நோய் தொடங்கியது. ஒருநாள் காலையில் அவன் கடலுக்குள் நடந்து போய்விட்டான். இளையவனுக்கு இப்போது கை நடுங்குகிறது. செவிலி இதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு அவள் இரண்டு பெரிய காகிதங்களை மேசைமேல் விரித்தாள். ஒன்று தீவின் வம்சாவளி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கருப்பு. இருநூறு வருடத்துக் கருப்பு அதில் கிளை கிளையாக இறங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரே ஒரு சதுரம், பக்கத்தில் கேள்விக்குறி. கப்பல் உடைந்து கரையேறியவன், இங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவன், எந்த ஊர்க்காரன் என்று யாருக்கும் தெரியாது என்றாள். இன்னொரு காகிதத்தில் எங்கள் வீடு. அப்பா, அண்ணன், நான், அண்ணன் மகள்.

அண்ணன் அப்போதுதான் அப்பா சொல்லுகிற ஒரு பழைய கதையைச் சொன்னான். எங்கள் முன்னோர் ஒருவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனாராம், திரும்பவே இல்லையாம். யாராவது வீட்டுக்குத் தாமதமாக வந்தால் அவரைச் சொல்லித்தான் அப்பா திட்டுவார். செவிலி அதை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். அவரேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நோய் உங்கள் பக்கத்திலிருந்துதான் இங்கே வந்திருக்க வேண்டும் என்று இரத்தம் சொல்கிறது என்றாள். பென்சிலால் இரண்டு காகிதத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள்.

தச்சர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாத்திரங்களை எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள். ஏதோ கேட்டாள். செவிலி மொழிபெயர்க்கத் தயங்கினாள். நான் வற்புறுத்திய பிறகு சொன்னாள். "இவங்க வீட்டு ஆளா அதுன்னு கேக்கறாங்க."

அண்ணன், "ஆமாங்க. எங்க வீட்டு ஆளுதான் போல. மன்னிச்சுக்கணும்" என்றான்.

இருநூறு வருடத்துக்கு முன்னால் போனவனுக்காக அவன் மன்னிப்புக் கேட்டான். தச்சர் கையை அசைத்து, அவன் வராமல் போயிருந்தால் நானும் இல்லையே என்கிற மாதிரி ஏதோ சொல்லி அண்ணனின் தோளைத் தட்டினார். அவர் மனைவி அண்ணன் முன்னாலிருந்த ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அதில் பாதி ரொட்டி மிச்சமிருந்தது.

நான் பின்னாலேயே போனேன். அவள் தொட்டியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்துத் தனியாகப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். இருபது வருடமாக என் கையில் புரளுகிற துணி அது. எப்படி முறுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மூன்று விரிப்புகளைப் பிழிந்து கொடியில் போட்டோம். பிறகு அவள் உள்ளே அண்ணன் இருந்த திசையைக் காட்டி, கையைத் தொட்டில் மாதிரி ஆட்டி, விரல்களை விரித்துக் காட்டினாள். எத்தனை பிள்ளை என்று கேட்கிறாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவள் ஈரக் கையால் அந்த விரலைப் பிடித்து, நடுக்கணுவில் பாதியாக மடக்கினாள். மடக்கிய விரலை அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அதில் வெறுப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் படகில் அண்ணன் கம்பியைப் பிடித்தபடி தீவையே பார்த்துக்கொண்டு வந்தான். விமானத்தில் ஏறி உட்கார்ந்து, வாரை நான் மாட்டிவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நான் குடிகாரனா இருந்தா அவளுக்கு ஒண்ணும் இல்ல ஊசி" என்றான். "குடிகாரன் பொண்ணு. அவ்வளவுதான். இந்த அட்டையைக் காட்டினேன்னா அவளுக்குப் பாதி."

அவன் எத்தனை நாளாக இதை மனதில் வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. ஊர் முழுக்கக் காட்டிய அட்டையை மகளுக்குக் காட்டாததன் காரணம் நல்ல நாள் அல்ல. மருத்துவர் அறையில் எல்லாமே அவன் காதில் விழுந்திருக்கிறது.

ஊருக்கு வந்ததும் அவன் அட்டையை யாருக்கும் காட்டுவதை நிறுத்தினான். டீக்கடையில் யாராவது, என்ன, காலையிலேயே ஏற்றியாச்சா என்று கேட்டால் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். எனக்குப் பற்றி எரிந்தது. நான் என் இரத்தத்தைக் கொடுத்துச் சோதனை செய்துகொண்டதும் அந்த நாட்களில்தான். எனக்கு இல்லை என்று வந்தது. மருத்துவர் அம்மா என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். எனக்கு நாற்பத்திமூன்று வயது. குடிகாரன் மகள் என்று திரும்பிப் போன வரன்களில் யாராவது ஒருவரைக் கட்டியிருந்தால், என் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இருந்திருக்காது. கிடங்குக்குத் திரும்பிப் போய் அன்றைக்கு மிச்சமிருந்த நாற்பது தலையணை உறைகளைத் தைத்து முடித்தேன். அண்ணனிடம் சொன்னபோது, ஒருத்தராவது தப்பித்தோமே என்று சந்தோஷப்பட்டான். நடிப்பில்லை.

ஐந்து மாதம் கழித்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சேதி வந்தது. இருபது வயது. கணினி நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், பையன் அங்கேயே வேலை பார்ப்பவன். இனிமேல் மறைப்பது பாவம் என்று நான் சொன்னேன். அவள் வயிற்றில் ஒன்று வந்த பிறகு தெரிந்தால் உன்னை மன்னிப்பாளா என்று கேட்டேன். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வா போகலாம் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். கதவைத் திறந்தது அண்ணி. அவனைப் பார்த்ததும், தன்னை அறியாமல், முகத்தை முன்னால் நீட்டி மூச்சை இழுத்தாள். பிறகு வெட்கப்பட்டு விலகினாள். மகள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் அதை வாய்வரை கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டியது. பையிலிருந்து அட்டையை எடுத்து மகளிடம் கொடுத்தான். அவள் நின்றபடியே படித்தாள். அண்ணி எட்டிப் பார்த்து, என்னது, என்னது என்று கேட்டாள். மிச்சத்தை அண்ணன் சொல்லத் தொடங்கினான். நாக்கு ஒத்துழைக்கவில்லை, நான் எடுத்துச் சொன்னேன். தீவைச் சொன்னேன், தச்சரைச் சொன்னேன், பாதிக் கணக்கைச் சொன்னேன். தச்சரின் மூத்த மகனைச் சொல்லவில்லை.

அண்ணி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். மகள் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த வயதில்? நாற்பதையொட்டி, சிலருக்கு முன்னாலேயும் என்றேன். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஒன்றுமில்லை. பிறகு அப்பாவிடம் அதைக் கொடுத்தாள்.

"நீங்க குடிச்சுட்டே இருந்திருக்கலாம்ப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன், "ஆமாம்மா" என்றான்.

அவள் பையனிடம் தானே போய்ச் சொன்னாள். பையன் நல்லவன்தான், அழுதான் என்று கேள்விப்பட்டேன். ஒரு வாரத்தில் அவன் வீட்டார் நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கு, பெண்ணின் அப்பா குடிகாரர் என்று சொல்லிவிடுமாறு அண்ணியே கேட்டுக்கொண்டாளாம். அது எல்லாருக்கும் புரிகிற காரணம்.

அதற்குப் பிறகு அண்ணன் ஆறு வருடம் இருந்தான். முதலில் தடி, அப்புறம் சக்கர நாற்காலி, அப்புறம் படுக்கை. கடைசி இரண்டு வருடம் மகள் வார இறுதியில் வந்து அவனுக்குக் கரண்டியில் கஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் தாடையைத் தாழ்த்திப் பிடித்து, விழுங்கும்வரை பொறுத்திருந்து, தொண்டையைத் தடவிவிடுவாள். அவன் பேச்சு எனக்கே புரியாமல் போன பிறகும் அவளுக்குப் புரிந்தது. அவள் சோதனை செய்துகொள்ளவில்லை. மருத்துவர் அம்மா ஒருமுறை மென்மையாகக் கேட்டார். வேண்டாம் என்றாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. ஐம்பத்திமூன்றாவது வயதில், புரையேறிய உணவு நெஞ்சில் தங்கிக் காய்ச்சலாகி, நாலாம் நாள் அண்ணன் இறந்தான்.

துறைமுகத்திலிருந்து பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சைகை காட்டுகிறவனும் வந்திருந்தான், தலை நரைத்துப்போய். அவன் உண்மையாகவே கண்கலங்கி, அண்ணன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க அப்பா மாதிரி கிரேன்காரன் இனிமேல் பிறக்க மாட்டான், குடி ஒன்றுதான் அவரைக் கெடுத்துவிட்டது என்றான். நான் வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்று அவனிடம் சொன்னாள். "குடிதான்."

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு. இன்னும் அதே நிறுவனத்தில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருகிறாள். என் வீடு இரண்டாவது மாடி. கீழே கதவுச் சத்தம் கேட்டதும் நான் படிக்கட்டின் மேலே வந்து நின்றுகொள்வேன். கைப்பிடியைத் தொடாமல் ஏறிவருவாள்.

"காலைப் பாக்காதீங்க அத்தை" என்று ஒருநாள் சொன்னாள். சரி என்றேன். இன்னும் பார்க்கிறேன்.